ஏழு புள்ளிகளில் உடைந்த தேற்றம்

கடைசிப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு படியுங்கள். விடை அங்கே இருக்கிறது. ஆனால் முதலில் உங்கள் தீர்ப்பு எனக்கு வேண்டும்.

தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் சௌந்தரநாயகி என்ற கணிதப் பேராசிரியை இருந்தார். புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராய்வது அவர் துறை. இளம் வயதில் அவர் நிறுவிய துணைத்தேற்றம் ஒன்று அச்சேறிப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்ன, நிறையவே.

அவரிடம் ஆய்வு மாணவனாக இருந்த ஞானதிரவியம் ஆறு வருடம் உழைத்து ஆய்வேட்டை முடித்தான். ஒரு கல்லூரியில் நிரந்தர வேலைக்கும் தேர்வாகியிருந்தான். மாதக் கடைசிக்குள் முனைவர் பட்டம் வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

மேடம் வரைவைப் புரட்டினார். தன் துணைத்தேற்றத்தை எங்கும் காணோம். அதைப் போட்டால் நாலு வரியில் முடிகிற இடத்தை அவன் முப்பது பக்கத்துக்குச் சுற்றிக் கடந்திருந்தான். அவருக்குச் சுருக்கென்றது.

“என்ன ஞானம், கையில இருக்கறத விட்டுட்டு ஊரச் சுத்திப் போயிருக்க?”

“இந்த வழியே இருக்கட்டுமே மேடம்” என்றான், தரையைப் பார்த்தபடி.

“ஏன், என் பேப்பர் அவ்வளவு மோசமா?”

அவன் முப்பது பக்கத்தையும் எடுத்துவிட்டு நாலு வரியைச் சேர்த்தான். பழைய வரைவு மேடத்தின் அலமாரிக்குப் போயிற்று.

வாய்மொழித் தேர்வு பொதுவில் நடக்கும். முன்வரிசையில் ஞானத்தின் அம்மா, துறைத் தலைவர், சக ஆசிரியர்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நரசிங்கம் எழுந்து, பலகையில் ஏழு புள்ளிகள் வைத்துச் சில கோடுகளை இழுத்தார்.

“தம்பி, நீங்க சேர்த்திருக்கற துணைத்தேற்றம் இதுக்குப் பொருந்துதான்னு பாருங்க.”

சௌந்தரநாயகிக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. பொருந்தாது. பதினெட்டு வருடமாகத் தவறு! திடுக்கிட்டு ஞானத்தைப் பார்த்தார். அவன் முகத்தில் வியப்பே இல்லை. அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தன் மனம் நோகக்கூடாதென்றுதான் அந்த முப்பது பக்கம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“பொருந்தாது சார்” என்றான் ஞானம்.

“அப்புறம் ஏன் சேர்த்தீங்க?”

“என் கவனக்குறைவு சார்.”

நரசிங்கம் திரும்பினார். “மேடம், நீங்க ஏதாச்சும் சொல்றீங்களா?”

‘நான்தான் சேர்க்கச் சொன்னேன், சரியான நிறுவல் மாடியில் என் அலமாரியில் இருக்கிறது’ என்று சொல்லியிருக்கலாம். சக ஆசிரியர்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லையென்று தலையசைத்தார்.

திருத்தி மறுபடி சமர்ப்பிக்கச் சொல்லிவிட்டார் நரசிங்கம். பழைய முப்பது பக்கத்தையே திரும்பச் சேர்த்தும், மறுமதிப்பீடு முடிய ஆறு மாதம் பிடித்தது. பட்டம் வந்தது, வேலை போனது.

வாய்மொழித் தேர்வு நடந்த வாரமே மேடம் ஆய்விதழுக்குக் கடிதம் எழுதியிருந்தார். ‘பிழை என்னுடையது, கண்டறிந்தவர் ஞானதிரவியம்’ என்று அடுத்த வருடம் திருத்தம் வெளியானது. இதழை எடுத்துக்கொண்டு அவனைத் தேடிப் போனார். ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தொகையீடு நடத்திக்கொண்டிருந்தான். வாசித்துவிட்டு, “நல்லா வந்திருக்கு மேடம்” என்று சொல்லி வகுப்புக்குள் போய்விட்டான்.

சொல்லுங்கள். மூவரில் யார் செய்தது சரி? யார் தவறு பெரிது?

விடை: நரசிங்கம் செய்தது சரி. தவறான நாலு வரிக்குப் பட்டம் தர முடியாது. ஞானம் செய்தது தவறுதான். பொய்யென்று தெரிந்ததை எழுதிக் கையெழுத்தும் போட்டான். ஆனால் பெரிய தவறு சௌந்தரநாயகியுடையது. துணைத்தேற்றம் பிசகியதை நான் குறை சொல்லவில்லை, அது யாருக்கும் பிசகும். சேர்க்கச் சொன்னதும் அறியாமல் செய்தது. கேட்டபோது தலையசைத்தாரே, அது மட்டும் அறிந்தே செய்தது. அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் முப்பது பக்கத்தையும் மேசையில் வைத்து அவன் வேலையைக் காப்பாற்றியிருக்கலாம். திருத்தம் வெளியானபின் அவர் நேர்மையை மெச்சிப் பல ஊர்ப் பேராசிரியர்கள் கடிதம் போட்டார்கள். ஒன்றைக்கூட அவர் பிரிக்கவில்லை.