நாங்கள் என்றார் பிரிகேடியர்

அந்த முகாமில் காலையில் சுபேதார் மாசிலாமணி, மேஜர் செங்கோடனுக்கு சல்யூட் அடிப்பார். மாலையில் மேஜர் செங்கோடன் பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, மாசிலாமணியின் முன்னால் பாயில் உட்காருவார்.

மாசிலாமணி படையின் மதகுரு. பூசை, பிரார்த்தனை, ஊரில் இழவு விழுந்த சிப்பாய்க்கு ஆறுதல், எல்லாம் அவர் பொறுப்பு. மேஜரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் எல்லோருக்கும் அவர் சாமிதான். மேஜருக்கும்.

இதில் அவர்கள் இருவருக்கும் கூச்சம் இருந்ததில்லை. சிப்பாய்கள்தான் கேலி பேசுவார்கள்.

"பகல்ல சார் பெருசு. பொழுது சாஞ்சா சாமி பெருசு."

முகாம் இருந்தது சொந்த நாட்டில் இல்லை. கடல் தாண்டி எங்கோ ஒரு வறண்ட தேசம். மலைக்காரர்களும் ஆற்றங்கரைக்காரர்களும் வருஷக்கணக்கில் வெட்டிக்கொண்டு மாண்ட பூமி. ஒருவழியாகச் சண்டை நின்றது. அது மறுபடி தொடங்காமல் பார்த்துக்கொள்ளப் பல நாடுகள் படை அனுப்பின. செங்கோடனின் ஆட்களும் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு போய் இறங்கினார்கள். எல்லா நாட்டுப் படைக்கும் சேர்த்து ஒரே தளபதி. பனி பெய்யும் தேசத்திலிருந்து வந்த ஒரு பிரிகேடியர்.

நல்ல மனுஷர், கொஞ்சம் அவசரக்காரர். எந்தப் படையைப் பார்க்கப் போனாலும் அவர்கள் பாஷையில் நாலு வார்த்தை பேசிவிட வேண்டும் அவருக்கு. அந்த ஆசைதான் வம்பில் கொண்டுபோய் விட்டது.

அன்று அவர் ஒரு உத்தரவோடு வந்தார். வியாழக்கிழமை பாலத்துச் சந்தை திறக்கிறது. சண்டைக்குப் பிறகு இரண்டு பக்கத்தாரும் கூடப்போகும் முதல் சந்தை. காவலுக்கு மேஜர் செங்கோடனின் படை. துப்பாக்கிகள் எல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும், சந்தைக்குள் வெறுங்கையோடு நிற்போம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லிவிட்டு, வரிசையில் நின்ற சிப்பாய்கள் பக்கம் திரும்பி, மனப்பாடம் செய்து வந்த தமிழை எடுத்துவிட்டார்.

"இது எங்கள் படை! எங்கள் படை அமைதி கொண்டுவரும்! நாங்கள் ஜெயிப்போம்!"

கைதட்டலுக்குக் காத்திருந்தார். ஒருவரும் தட்டவில்லை. அவர் ஜீப் போனதும் ஹவில்தார் இருளப்பன் வாயைத் திறந்தான்.

"அவுக படையாம். அவுக ஜெயிப்பாகளாம். வெறுங்கையோட நிக்கிறது மட்டும் நாமளாம்."

மேஜருக்குக் காது சிவந்துவிட்டது. இருளப்பனை அதட்ட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

மாலையில் சாமி பூசை மணியைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மேஜர் வந்து உட்கார்ந்தார்.

"சாமி, முடியாதுன்னு சொல்லிடலாம்னு இருக்கேனுங்க."

"சொன்னா என்ன ஆகும்?"

"படையத் திருப்பி அனுப்பிருவாங்க. எம் மேல விசாரணை வரும். வரட்டுமுங்க. பசங்கள முழுசா ஊர் கொண்டுபோய்ச் சேர்த்திருவேன்."

"துப்பாக்கி இல்லாம நிக்கப் பயமா சார்?"

"எனக்கென்னங்க பயம்!" என்றார் மேஜர். பிறகு குரல் இறங்கியது. "பயந்தானுங்க. ஒருத்தன் கத்தியத் தூக்கினாலும் எம் பசங்க நிராயுதபாணிங்க."

"நம்ம நாட்டு ஜெனரல் இதையே சொல்லியிருந்தா?"

மேஜர் யோசித்தார்.

"திட்டிக்கிட்டே செஞ்சிருப்பேனுங்க."

"அப்ப கசக்கிறது உத்தரவு இல்லை. ஆளு."

"நான் சத்தியம் பண்ணுனது எங் கொடிக்குங்க சாமி. அந்த மனுஷனுக்கு இல்லை."

"அவருக்குக் கீழ உங்களை அனுப்பினது யாரு?"

"கொடிதானுங்க." மேஜர் பாயின் ஓரத்தைப் பிய்த்தார். "பேச்சுக்கு அது சரிங்க. ஆனா பசங்க முன்னாடி நின்னுக்கிட்டு எங்கள் படைங்கிறார். எங்களத் தள்ளி வெச்சுட்டு, எங்களையே சாகச் சொல்ற மாதிரி இருந்துதுங்க."

சாமி மணியைக் கீழே வைத்தார்.

"நாமுக்கும் நாங்களுக்கும் அவர் பாஷையில எத்தனை வார்த்தை?"

"ஒண்ணுதானுங்க."

"அப்ப அவர் தெரியாம சொன்னார்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியுமுங்க. தெரிஞ்சாலும் சுடுது."

"திருத்தினீங்களா?"

"நானா? அவர் தளபதியுங்க!"

சாமி எழுந்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். தொப்பியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, விறைப்பாக நின்று, மேஜருக்கு ஒரு சல்யூட் அடித்தார். கையிலிருந்த புளி தொப்பியில் ஒட்டிக்கொண்டது.

"என்னங்க சாமி, இந்நேரத்துல?"

"போன வாரம் சமையல்காரரை நீங்க திட்டினது தப்புன்னு சொன்னேன். நீங்களும் போய் வருத்தம் சொல்லிட்டு வந்தீங்க. மறுநாள் காலையில என் சல்யூட் குறைஞ்சுதா?"

"இல்லைங்க."

"உங்க பதவி?"

"அதுவும் குறையலைங்க."

"காலையில போங்க. வார்த்தையை மட்டும் திருத்திட்டு வாங்க. உத்தரவைப் பத்தி மூச்சு விடாதீங்க."

காலையில் மேஜர் போனபோது பிரிகேடியர் கூடாரத்துக்கு வெளியே கண்ணாடியைத் தொங்கவிட்டுச் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகம் நுரையாக இருந்தது. மேஜர் ஆங்கிலத்தில் சொன்னார். உங்கள் 'வீ'க்கு எங்கள் மொழியில் இரண்டு சொல். கேட்கிறவனையும் சேர்த்துக்கொண்டால் நாம். அவனை வெளியே நிறுத்திவிட்டால் நாங்கள். நேற்று நீங்கள் வெளியே நிறுத்திவிட்டீர்கள்.

கத்தி பாதியில் நின்றது.

"அத்தனை பேரையுமா?"

"அத்தனை பேரையும், சார்."

"யாருமே சொல்லவில்லையே!"

"அதற்காகத்தான் வந்தேன்."

பிரிகேடியர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். நல்ல மனுஷர் என்றேன் அல்லவா, அவருக்கு உண்மையாகவே வலித்தது. நுரையைத் துடைக்காமலே கேட்டார்.

"வெறுங்கையோடு நிற்போம் என்றேனே. அதை உங்கள் மொழியில் சொன்னால் எந்தச் சொல்லைப் போட வேண்டும்?"

உத்தரவைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று சாமி சொல்லியிருந்தார். ஆனால் இது இலக்கணக் கேள்வி. மேஜர் பதில் சொன்னார்.

"அது நீங்கள் வருகிறீர்களா இல்லையா என்பதைப் பொறுத்தது, சார்."

"இதென்ன கேள்வி? வரிசைக்கு முன்னால் நிற்கப்போவதே நான்தான். கைத்துப்பாக்கிகூடக் கிடையாது." பிரிகேடியர் குழம்பினார். "நிற்போம் என்று சொன்னேனே!"

"சொன்னீர்கள் சார். எனக்குத்தான் கேட்கவில்லை." மேஜரின் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. "அப்படியானால் நாம்."

"நாம்," என்று சொல்லிப் பார்த்தார் பிரிகேடியர். வாயை மூடும்போது நுரை உள்ளே போய்விட்டது. அவர் துப்பினார். இருவரும் சிரித்தார்கள்.

வியாழக்கிழமை பிரிகேடியர் முன்னால் நடந்தார். இடுப்பு காலியாக இருந்தது. அடுத்து மேஜர், பின்னால் சிப்பாய்கள். அந்தக் காலி இடுப்பைப் பார்த்துவிட்டு இருளப்பனும் நிமிர்ந்து நடந்தான்.

சந்தை கூடிவிட்டது, வியாபாரம் நடக்கவில்லை. பாலத்தின் ஒரு முனையில் மலைக்காரர்கள் கடை விரித்திருந்தார்கள். மறுமுனையில் ஆற்றங்கரைக்காரர்கள். நடுவில் ஈ காக்கை இல்லை. ஆற்றங்கரைப் பெண் ஒருத்திதான் துணிந்து, வெங்காய மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியை நடுப்பாலம் வரை தள்ளிக்கொண்டு வந்தாள்.

அங்கே வந்ததும் வண்டியின் டயர் வெடித்தது.

ஜனம் தரையோடு படுத்தது. இரண்டு பக்கத்து ஆண்களின் கைகளும் போர்வைக்குள் போயின. சிப்பாய்களின் கைகள் தோளுக்குப் போயின. அங்கே ஒன்றும் இல்லை. மேஜரின் கை இடுப்புக்குப் போயிற்று. அங்கும் ஒன்றும் இல்லை. படுத்தவர்கள் எல்லோரும் நீலத் தொப்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூட்டை சரிந்து வெங்காயம் பாலமெங்கும் உருண்டது.

மேஜர் குனிந்தார். தொப்பியைக் கழற்றி, காலடியில் கிடந்த வெங்காயத்தைப் பொறுக்கிப் போடத் தொடங்கினார். இருளப்பன் பார்த்தான், அவனும் குனிந்தான். பிறகு படையே குனிந்தது. பிரிகேடியர் மண்டி போட்டு வண்டிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார்.

மலைக்காரர் ஒருவர் போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தார். தன் பக்கம் உருண்டு வந்த வெங்காயத்தைக் காலால் தள்ளிவிட்டார். அந்தப் பெண் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவரைப் பிடிபிடியென்று பிடித்தாள். அவள் பாஷை படையில் யாருக்கும் புரியவில்லை. சாப்பிடும் பொருளைக் காலால் உதைப்பதா என்று கேட்கிறாள் என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. அவர் அசடு வழியக் குனிந்து, கையால் எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கோ ஒருவர் சிரித்தார். மலைக்காரர் அங்கேயே நின்று என்ன விலை என்று விரலைக் காட்டிக் கேட்டார். அவள் சொன்ன விலை அவருக்குப் பிடிக்கவில்லை. பேரம் சூடு பிடித்தது, பின்னாலேயே ஆட்கள் வந்தார்கள்.

மாலையில் மேஜர் பாயில் வந்து உட்கார்ந்தபோது கையெல்லாம் வெங்காய வாடை. முகம் தெளிந்திருந்தது. நடந்ததை எல்லாம் சொன்னார். சாமி அந்தப் பெண் திட்டியதை மட்டும் இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"சாமி, ஒரு சந்தேகமுங்க."

"சொல்லுங்க."

"இன்னிக்கு நான் கீழ்ப்படிஞ்சது யாரோட உத்தரவுக்குங்க? பிரிகேடியரோடதா, நம்ம நாட்டோடதா?"

"வெங்காயம் பொறுக்கச் சொன்னது யாரு சார்?"

மேஜர் யோசித்தார்.

"யாரும் சொல்லலைங்களே."

"அந்த உத்தரவுக்குத்தான் சார்," என்றார் சாமி.