மீன் கிடைத்த இடம்

செல்சனுக்கு அநியாயம் நடந்தது. அதுவும் செத்த பிறகு நடந்தது. தூண்டில் போடத் தனியாகப் போன அவன் வள்ளம் திரும்பவில்லை. தேடப் போன படகுகளோ, ஒரு பலகைகூடக் கண்ணில் படவில்லை என்று வந்து சொல்லிவிட்டன. அவன் மனைவி மெட்டில்டா தினமும் மெழுகுதிரி ஏற்றினாள். அவன் வருவதற்கா, அவன் ஆத்துமாவுக்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த வாரம் கடலில் மீனே இல்லை. அந்திரேயாசின் விசைப்படகு மட்டும் சூரை மீனால் நிறைந்து வந்தது. துக்க வீடாயிற்றே என்று மெட்டில்டாவுக்கும் இரண்டு மீன் கொடுத்தனுப்பினான்.

ததேயு வாயைப் பிளந்து பார்த்தான். வளைகுடாவில் வேலை போய் ஊர் திரும்பி, தன்னைவிட இளையவரான ராயப்பனிடம் தூண்டில் கற்பவன் அவன். மிதக்கிற எதன் நிழலிலும் சூரை வந்து கூடும் என்பது அவனுக்கு முதல் பாடம்.

அந்திரேயாஸ் நீல ரிப்பன் கட்டிய தூண்டில் ஒன்றை அவன் கையில் திணித்தான்.

"வச்சுக்க வே, கல்ஃப்காரா. நானே கட்டுனது. இதுக்கு மயங்காத மீனே கிடையாது."

ததேயு ராயப்பனிடம் ஓடினான். "ஆசானே, நாமளும் இதே கடலுக்குத்தானே போறோம்? இவங்களுக்கு மட்டும் இவ்வளவு மீன் எங்க கிடைச்சுது?"

ராயப்பன் நீரோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில வெள்ளன வந்துருங்கண்ணே."

மறுநாள் கரை மறைந்த பிறகும் வள்ளம் போய்க்கொண்டே இருந்தது. ததேயு நீல ரிப்பனைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டே கேட்டதையே கேட்டான். "அப்படி என்ன ரகசியம்? சொன்னா குறைஞ்சா போயிருவீங்க?"

திடீரென்று தூண்டில் நரம்பு விறைத்தது.

"மாட்டிக்கிச்சு! சூரை! கீழ பாருங்க ஆசானே, கூட்டம் கூட்டமா!"

"மேல பாருங்கண்ணே."

ஒரு வள்ளம் கவிழ்ந்து மிதந்தது. செல்சன் தன்னை அதோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தான். அவன் சட்டைக் கையில் நீல ரிப்பன் தூண்டில் ஒன்று குத்தி நின்றது. அதன் நரம்பைக் கத்தியால் அறுத்துவிட்டிருந்தார்கள்.

ததேயுவின் கையில் மீன் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. ராயப்பன் கத்தியை நீட்டினார். ததேயு தன் நரம்பை அறுத்தான்.

இருவருமாகச் செல்சனைத் தூக்கித் தார்ப்பாயில் சுற்றினார்கள்.

"பாத்திருக்காங்க. பக்கத்துல நின்னு பாத்திருக்காங்க. ஆளை எடுத்தா மீன் கலைஞ்சிரும்னு விட்டுட்டு வந்திருக்கானுங்க, பாவிங்க. இவன் வீட்டுக்கே அந்த அந்திரேயாஸ் மீனும் அனுப்பியிருக்கான்!" ததேயு சட்டென்று ஆசான் பக்கம் திரும்பினான். "உங்களுக்குச் சந்தேகம் இருந்துச்சுல்ல? அப்போ நேத்து நான் கேட்டப்பவே ஏன் வாயைத் திறக்கல?"

ராயப்பன் வள்ளத்தைக் கரைப்பக்கம் திருப்பினார்.

"நேத்து நீங்க மீன் எங்க கிடைச்சுதுன்னுதானேண்ணே கேட்டீங்க. செல்சன் எங்கன்னு கேக்கலையே."