மண்டபம் கேட்ட ஊரும் மகாராஜாவின் எண்ணெய்க் குளியலும்

“ஊர் முழுக்கக் கேட்டு எழுதினாங்களாமே, என்னை எவன் கேட்டான்? வீடு வீடா வந்தாங்களாம். நான் எங்கே வீட்டில இருந்தேன்? குடத்தைத் தூக்கிக்கிட்டு ஊற்றுக்குப் போயிருந்தேன்.”

உமையாள் இதை மூன்றாவது முறையாகச் சொன்னாள். வார்த்தை மாறவில்லை, சுருதி மட்டும் ஏறியிருந்தது. அவள் புருஷன் கடம்பையா அரண்மனையில் சாதுர்யத்துக்கென்றே சம்பளம் வாங்குகிறவர். வீட்டில் அந்தச் சரக்கு செல்லுபடியாவதில்லை. எழுதியது நானில்லை, பிரதானி அரிகேசவர் என்று முனகியபடி அவளுடைய வீங்கிய தோளுக்குத் தவிட்டு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மங்கைபுரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் தூர்ந்துபோய் மூன்று வருஷம் ஆகிறது. கிணறெல்லாம் வறண்டு கிடக்கிறது. பெண்கள் விடியுமுன் கிளம்பி, மலையடி ஊற்றில் வரிசை நின்று, வெயில் ஏறியபின் திரும்புகிறார்கள். அரசாங்கத்திடம் இருந்த கல்லும் ஆளும் ஒரே ஒரு வேலைக்குத்தான் காணும். கால்வாயைத் தூர்வாருவதா, நூற்றுக்கால் சங்கீத மண்டபம் கட்டுவதா? பூபாலசிம்ம மகாராஜாவுக்குப் பாட்டென்றால் உயிர். இருந்தாலும் நியாயஸ்தர். குடிமக்களைக் கேட்டே செய்வோம் என்றார்.

பிரதானி கணக்கர்களை அனுப்பினார். அவர்கள் விடிந்ததும் விடியாததுமாகக் கதவைத் தட்டினார்கள். அந்த நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள்? பெண்டாட்டி தண்ணீர் கொண்டுவந்தால் முகம் கழுவலாம் என்று வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஆண்கள்தான். மண்டபத்துக்கு நாலாயிரம் பேர். கால்வாய்க்குப் பதினோரு பேர்.

“அந்தப் பதினோரு பேரும் யாரு தெரியுமா?” என்றாள் உமையாள். “குடத்தோட வழுக்கி விழுந்து, காலை உடைச்சுக்கிட்டு வீட்டில கிடக்கிறவங்க. எனக்கும் கால் உடைஞ்சிருந்தா பன்னிரண்டு ஆகியிருக்கும்.”

கடம்பையாவின் கை அப்படியே நின்றது. தவிட்டு மூட்டை ஆறிப்போகிறதே என்று அவள் அதட்டியதுகூட அவர் காதில் விழவில்லை.

மறுநாள் சபையில் மகாராஜா அந்தக் கணக்கு ஓலையைப் பிள்ளையைப் போல மடியில் வைத்திருந்தார். சனிக்கிழமை நண்பகலில் மண்டபத்துக்கு அடிக்கல் என்று முடிவாகியிருந்தது.

“கால்வாய்க் கட்சிக்குப் பதினோரு பேராமே,” என்று பிரதானி, கால்வாய்க்காக வாதாடியிருந்த கடம்பையாவைப் பார்த்துச் சிரித்தார். “ஒரு பந்திக்குக்கூடக் காணாதே ஐயா.”

தோற்றேன் என்று கடம்பையா கைகூப்பினார். ஆனால் ஒரு வருத்தம் என்றார். குடிகள் அனைவரையும் கேட்டுக் கட்டியது என்று கல்லில் வெட்டப்போகிறோம். கணக்கர் போன நேரத்தில் வீட்டில் இல்லாதவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்களாம். பின்னால் வருகிற எவனாவது ‘அனைவரையும்’ என்பது பொய் என்று அந்தக் கல்லைக் காட்டிச் சிரித்தால்?

மகாராஜாவால் மண்டபத்தை விட்டாலும் விட முடியும், ‘அனைவரையும்’ என்பதை விட முடியாது. பிரதானிக்கும் மறுப்பில்லை. நாலாயிரம் எட்டாயிரமானால் கசக்குமா? அன்று மாலையே முரசு அறைந்தார்கள். சனிக்கிழமை காலை கணக்கர் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போகும்வரை, ஆணானாலும் பெண்ணானாலும் ஒருவரும் தம் வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கசையடி.

கடம்பையா வெள்ளிக்கிழமை இரவே அரண்மனைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். சனிக்கிழமை உமையாள் மூன்று வருஷத்தில் முதல்முறையாக விடிந்தபின் எழுந்தாள். ஊரில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். கணக்கர் முதல் தெருவின் முதல் வீட்டுக்குள் நுழைந்தார். அங்கே நான்கு பெண்கள் மூன்று வருஷப் பேச்சைச் சேர்த்து வைத்துக் காத்திருந்தார்கள். வெயில் ஏறியும் அவர் இரண்டாம் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

சனிக்கிழமை மகாராஜாவின் எண்ணெய்க் குளியல் நாள். விழா வேறு. தலைமுதல் கால்வரை நல்லெண்ணெய், அதற்குமேல் சீயக்காய். கண்ணை இறுக மூடிக்கொண்டு, “ஊற்றடா,” என்றார்.

எண்ணெய் தேய்க்கும் சடையாண்டி அண்டாவை எட்டிப் பார்த்தான். அடியில் ஒரு செத்த பல்லிதான் கிடந்தது.

“தண்ணி இல்லைங்க மகாராஜா.”

“கிணறு என்ன ஆயிற்று?”

“அது வறண்டு மூணு வருஷமாச்சுங்க. அறுபது பொம்பளைங்க ஊற்றிலிருந்து சுமந்து வந்துதான் தினமும் அண்டாவை ரொப்புவாங்க.”

“அவர்கள் எங்கே?”

“வீட்டில்,” என்றார் வாசல் பக்கம் ஓலையோடு நின்ற கடம்பையா. “தங்கள் ஆணைப்படி.”

மகாராஜாவின் கண்ணில் சீயக்காய் இறங்கியது. நீயாவது ஓடு என்று சடையாண்டியை விரட்டினார். அரண்மனை வாசலும் வாசல்தானே, இங்கே கணக்கர் இன்னும் வரவில்லையே, கசையடிக்குத் தன் முதுகு தாங்காது என்று அவன் குழைந்தான்.

“கணக்கர் இங்கு வந்துசேர எட்டு நாளாகும் போலிருக்கிறது,” என்றார் கடம்பையா பணிவாக. “அதுவரை தங்களைக் காக்கவைப்பானேன்? தங்கள் கருத்தை நானே எழுதிக்கொள்கிறேன். மண்டபமா மகாராஜா, கால்வாயா?”

அந்த எண்ணெய் உருவம் குலுங்கத் தொடங்கியது. மகாராஜா சிரித்துக்கொண்டிருந்தார். வாய்க்குள் சீயக்காய் போய் இருமினார், இருமிக்கொண்டே சிரித்தார்.

“கால்வாய் என்று எழுதும். பெரிதாக எழுதும். மண்டபத்துக்கென்று வைத்திருந்த ஆளெல்லாம் திங்கட்கிழமை மண்வெட்டியோடு கால்வாயில் நிற்க வேண்டும். பிரதானியும்தான்.” மோதிரத்தைக் கழற்றக் கைவைத்தார். எண்ணெயில் அது தானாகவே வழுக்கிக் கடம்பையாவின் உள்ளங்கையில் விழுந்தது. “அந்த ஆணையையும் ரத்து செய்தேன். உடனே முரசு அறையச் சொல்லும்.”

“சொல்லலாம் மகாராஜா. முரசு அறைகிறவனும் வீட்டில்தான் இருக்கிறான்.”

மகாராஜாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. கண்ணைத் திறக்கப் பார்த்தார், முடியவில்லை. எண்ணெய் சொட்டும் கையைக் காற்றில் நீட்டினார்.

“யாராவது ஒரு செம்புத் தண்ணீர் கொடுங்களேன்.”