நான்கு விரற்கடை குறைந்த வடசுவர்

கல்லுக்கு முன்னால் நூல். சுவர் எழும்புமுன் தரையில் நூல் பிடித்துத்தான் கோயிலுக்குக் கோடு போடுவார்கள். நேர்வாயில் என்னும் ஊரில் அளவிலாநாதருக்குக் கற்றளியாய்க் கோயில் எடுத்த காலத்தில், அந்த நூலை முறுக்குவதும் அதன் நுனியைப் பிடித்து மண்ணில் குனிந்து நிற்பதும் பூவனாரின் தொண்டு. கூலி, நாளுக்கு ஒரு நாழி நெல். அவருடைய இடக்கால் வலக்காலைவிட ஒரு சாண் குட்டை.

விடியலில் நீராடி, நீறணிந்து, பஞ்சோடு அமர்வார். தாமே கட்டிய வெண்பா ஒன்று அவரிடம் இருந்தது. சீர் ஒன்றுக்கு ஒரு முறுக்கு. பதினைந்து சீர், பதினைந்து முறுக்கு, ஒரு சாண் நூல். “அளவிலா நின்தாள் அருள்” என்று ஈற்றடி முடிகையில் கண்ணை மூடிக்கொள்வார்.

கல்தச்சர்கள் சும்மா விடுவார்களா?

“பூவனாரே, மூணு அடி நாலு நாலு சீரா நல்லாத்தான் நடக்குது. கடைசி அடி மட்டும் மூணு சீர்ல நொண்டுதே! உம்ம கால வச்சு அளந்தீரோ?”

“வெண்பாவுக்கு அதுதான்யா வரம்பு. குறைஞ்ச இடத்துலதான் பாட்டு வந்து நிக்கும்” என்று அவரும் சேர்ந்து சிரிப்பார்.

கருவறைக்குக் கோடு போடும் நாள் வந்தது. தென்சுவர், கீழ்ச்சுவர், மேற்சுவர் அளந்தாயிற்று. வடசுவருக்கு நூலை நீட்டியபோது பிடித்தது பாருங்கள் மழை!

பூவனார் பெருந்தச்சர் காரியாரிடம் நொண்டிக்கொண்டே ஓடினார். “ஐயா, நூல் நனைஞ்சு போச்சு. நனைஞ்ச பருத்தி சுருங்கும். காயட்டும் ஐயா.”

“நூல் காயுற வரைக்கும் முகூர்த்தம் காத்துக்கிட்டு நிக்குமா? பிடியும்!”

“அப்போ மூலைக்கு மூலை குறுக்கே பிடிச்சாவது பாத்துடலாம். ரெண்டும் ஒண்ணா இருந்தா சதுரம் சரி.”

“நுனி பிடிக்கிறவர் எனக்குக் கணக்குச் சொல்றதா? பிடியுமய்யா!”

பிடித்தார். பத்துப் பேர் பார்த்திருக்கக் கோடு விழுந்தது.

சுவர்கள் ஆள் உயரம் எழும்பிய பிறகு ஊர்ச் சபையார் வந்து மூலைக்கு மூலை நூல் போட்டுப் பார்த்தார்கள். இரண்டும் ஒக்கவில்லை. வடசுவர் நான்கு விரற்கடை குறைவு.

“யார் பிடிச்ச நூல்?” என்றார் சபைத்தலைவர்.

காரியார் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அந்தக் குட்டைக்காலர் பிடிச்சது.”

“நீர்தானா?”

“இந்தக் கைதான் பிடிச்சது சாமி” என்று பூவனார் வலக்கையை நீட்டினார். மழையில் நின்ற பத்துப் பேரும் வாய் திறக்கவில்லை.

“இறைவன் வீட்டில் குறைந்தது நாலு விரல். நாலு விரலையே எடுங்கள்” என்று தீர்ப்பாயிற்று. எடுத்தார்கள். ஊர் எல்லைக்கு வெளியே துரத்தினார்கள்.

எல்லைக்கு அப்பால் ஒரு பனையோலைக் குடிசை. மனைவி உமையாள் புண்ணுக்குப் பச்சிலை வைத்துக் கட்டும்போதெல்லாம் கேட்டாள்: “வேண்டாம்னு நீங்க சொன்னீங்களே. அதைச் சபையில ஒரு வார்த்தை சொல்லப்படாதா?”

“சொன்னா அவரு விரல் போகும் உமையா. அது உளி பிடிக்கிற கை. எங்கப்பன் வீடு முடிய வேணாமா?”

“உங்கப்பன் பாத்துக்கிட்டுத்தானே இருந்தான்?”

அந்த மாரிக்காலத்திலேயே காய்ச்சல் கண்டு உமையாள் இறந்தாள். தூக்கிச் செல்ல நாலு பேர் வரவில்லை. குட்டைக்காலும் கட்டைவிரல் மட்டுமே மிஞ்சிய கையுமாக அவரே இழுத்துச் சென்று குழி வெட்டினார். மறுநாள் விடியலில் நீராடி, நீறணிந்து, பஞ்சை எடுத்தார். கையில் முறுக்க வரவில்லை. குட்டைக்காலின் விரலிடுக்கில் கவ்வி முறுக்கினார். சீர் ஒன்றுக்கு ஒரு முறுக்கு. அன்று குரல் உடைந்தது, சீர் உடையவில்லை.

அங்கே வடசுவரை இடித்து, புதிய நூலால், உலர்ந்த வெயிலில் அளந்து கட்டினார்கள். நான்கு விரற்கடை குறைவு. மறுபடி இடித்தார்கள். மறுபடி அதே நான்கு விரற்கடை. மூன்றாம் முறை குறைந்தபோது காரியார் உளியைக் கீழே வைத்தார். சபையைக் கூட்டினார்.

“நூல் நனைஞ்சிருந்தது. அவர் சொன்னார். நான்தான் கேக்கல. சபையில நீங்க கேட்டும் மறைச்சேன். எடுக்கிறதுன்னா என் விரலை எடுங்க” என்று கதறினார்.

ஊரே குடிசைக்குப் போயிற்று. காரியார் காலில் விழுந்தார்; பூவனார் தம் காலை விலக்கிக்கொண்டார். “எழுந்திரும் ஐயா. வேலை கிடக்குதே” என்றார். கால்விரலால் முறுக்கிய நூலோடு வந்து, இடக்கையால் நுனியைப் பிடித்தார். அளந்தார்கள். அப்போதும் நான்கு விரற்கடை குறைவுதான்.

மறுபடி இடிக்கக் கடப்பாரையை எடுத்தபோது, இன்னும் கூரையேறாத கருவறைக்குள்ளிருந்து குரல் எழுந்தது:

“இடிக்காதீர்கள். என் பிள்ளை கையில் குறைந்தது என் வீட்டிலும் குறைந்தே நிற்கும். பூவா, உன் பாட்டு எங்கே நிற்குமோ, நானும் அங்கேதான் நிற்கிறேன். சொல்லு.”

பூவனார் சொன்னார். ஈற்றடியில் கண்ணை மூடியவர் மறுபடி திறக்கவில்லை. நூல் மட்டும் அவர் கையில் தளராமல் நின்றது.

விரல் முளைத்ததென்றோ உமையாள் எழுந்து வந்தாளென்றோ யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தச் சுவர் குறைந்தேதான் நின்றது. முழக்கோல் அளவுக்குள் அடங்காதவனைத் தம் குறைக்குள் குடிவைத்த பூவனாரின் குட்டைக்கால் நம் தலைமேல் இருக்கட்டும்.