நாற்பத்தெட்டு விநாடி

“நீங்க சொன்னபடிதான் எல்லாம் வச்சேன் டீச்சர். மூணு நாளும் படம் குதிக்குது. கேமராவுலதான் ஏதோ கோளாறு” என்றார் சங்கிலிமுத்து.

தோளில் கிடந்த பிள்ளையைத் தட்டிக்கொண்டே கேட்டாள் ரெக்ஸலின்.

“முதல் நாள் என்ன பண்ணீங்கண்ணே?”

“மேகம் வந்து இருட்டுச்சு. வெளிச்சத்தக் கொஞ்சம் கூட்டினேன்.”

“ரெண்டாம் நாள்?”

“ஓரத்துல ஒரு நீலப் படகு அழகா நின்னுச்சு. கேமராவ லேசா அந்தப் பக்கம் திருப்பினேன். ஒரு விரக்கடை இருக்கும், அவ்வளவுதான்.”

“நேத்து?”

“லென்ஸ்ல உப்புத் தூசி. துண்டால தொடச்சேன். தொடைக்கிறதுகூடவா தப்பு?”

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. முப்பது வருஷம் கல்யாண வீடியோ எடுத்த மனுஷர். “மாப்ள, தாலிய இன்னொரு தரம் தூக்கிக் காட்டுங்க” என்று முகூர்த்தத்தையே நிறுத்தி வைத்த கை. அது சும்மா கிடக்குமா?

மணிக்கணக்கில் நடப்பதைச் சில விநாடிகளில் ஓட்டிக் காட்டும் டைம்லாப்ஸ் படம் எடுப்பதில் ரெக்ஸலின் பெரிய கெட்டிக்காரி. நடுவில் கேமராவைத் தொட்டால் போதும், படம் குதித்துவிடும். அவரைவிட இருபது வயது இளையவள். நங்கூரம் போட்டு நிற்கும் படகுகள், கடல் காற்று எழுந்ததும் ஒன்றுபோலத் திரும்பும். அதைக் குதிக்காமல் எடுத்துக் காட்டினால் வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாள். நாளை விடிந்தால் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. படகெல்லாம் கடலுக்குப் போய்விடும்.

பரமக்குடியில் ஸ்டுடியோவை மூடிச் சாவியையும் கொடுத்துவிட்டு வந்தவர் சங்கிலிமுத்து. பெண்டாட்டி எவ்வளவோ தடுத்துப் பார்த்தாள். கேட்டாரா? இப்போது எந்த முகத்தோடு போவார்?

“இன்னைக்கு எதையும் தொட மாட்டேன் டீச்சர். சத்தியமா.”

“நேத்தும் சத்தியம் பண்ணுனீங்க.”

கடற்கரை ஐஸ் கம்பெனியின் மொட்டை மாடியில், தார்ப்பாய் நிழலில் கேமராவை வைத்தார். ஆறு விநாடிக்கு ஒரு படம். இரண்டு மணி நேரம். ஆயிரத்து இருநூறு படம் சேர்ந்தால் ஓடுவது நாற்பத்தெட்டு விநாடி. கேமரா நின்ற முக்காலிக்கு மணல் மூட்டை கட்டினார். பட்டனை அழுத்தினார்.

முதல் ‘கிளிக்’ கேட்டதும் பிள்ளையை அவர் தோளில் சாய்த்தாள் ரெக்ஸலின்.

“ஐயையோ, இது எதுக்கு?”

“பல்லு முளைக்குது. ராத்திரி பூரா அழுகை. இப்பத்தான் கண் அசந்தா. முழிச்சா இன்னைக்குப் பொழுது போச்சுண்ணே.”

மாடியின் மறுகோடிக்குப் போய், அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

நல்ல வம்பில் மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தார் சங்கிலிமுத்து. ஒரு கை பிள்ளையின் முதுகில், ஒரு கை அடியில். சட்டையெல்லாம் எச்சில். மூக்கு வேறு அரித்தது. அதைக்கூடச் சொறிய முடியவில்லை.

மேகம் வந்தது. வெளிச்சம் இறங்கியது. வலது கை தானாகக் கிளம்பியது.

பிள்ளை முனகியது.

கை பயந்துபோய் முதுகுக்கே திரும்பியது. தட்டினார். மேகம் தன் பாட்டுக்குப் போனது.

வேறு வேலை இல்லாததால் படகுகளைப் பார்த்தார். எல்லாம் கரையைப் பார்த்து நின்றன. வெகுநேரம் அப்படியேதான் நின்றன. பிறகு ஓரத்தில் ஒரு சின்ன வள்ளம் மூக்கை அசைத்தது. அடுத்து அந்த நீலப் படகு. கொஞ்ச நேரத்தில் மொத்தக் கூட்டமும் கடல் பக்கம் திரும்பிவிட்டது. மூன்று நாளும் கண் முன்னால்தான் நடந்திருக்கிறது. இன்றுதான் பார்த்தார். வாய்விட்டு “அடடா” என்று சொல்லக்கூடப் பயம்.

கால் மரத்துவிட்டது. இரண்டு மணி நேரம் முடிந்து கேமரா நின்றது அவருக்குத் தெரியாது.

ரெக்ஸலின் வந்து நின்றாள். கழுத்தை எட்டிப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.

“நாளைக்கு எட்டு மணிக்கு வேலைக்கு வந்துருங்கண்ணே. படம் நல்லா வந்திருக்கு.”

“கேமராவத் திறந்தே பாக்கலையே டீச்சர்!”

“மெதுவாப் பேசுங்க” என்றாள். “பாப்பா இன்னும் முழிக்கல.”