அலையில்லாத கடலைத் தேர்ந்தெடுத்த குரங்கு

கடலோரக் காட்டில் சடையன் என்றொரு குரங்கு இருந்தது. அதற்குத் தெரியாத விஷயமே கிடையாது என்று அதுவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு மழைக்காலத்தில் படகு ஒன்று உடைந்து பலகைகள் கரையில் ஒதுங்கின. காட்டு மிருகங்கள் அவற்றைப் பக்கத்து உப்பங்கழிக்கு இழுத்துப்போய், மேலே ஏறி நின்று, பனைமட்டையால் தண்ணீரைத் தள்ளிப் பழகின. கழியில் தண்ணீர் இடுப்பளவுதான். விழுந்தால் எழுந்து நிற்கலாம்.

சடையன் மூன்று நாளில் நிற்கக் கற்றுக்கொண்டது. நான்காம் நாளே கழி அதற்கு அலுத்துவிட்டது. அங்கே சேற்று நாற்றம் அடிக்கிறதாம், எருமைகளுக்குத்தான் அந்த இடம் லாயக்காம். உண்மைக் காரணம் வேறு. கழியில் அதைப் பார்த்து வியக்க யாருமில்லை.

அதனால் சடையன் புது இடம் தேடியது. கடற்கரையில் பாறை முனை ஒன்று உண்டு. காலையில் மான்களும் மயில்களும் அதன் உச்சிக்கு மேய வரும். கீழே கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. சடையனுக்கு வேறென்ன வேண்டும்? இந்தக் கரையிலேயே சிறந்த இடம் இதுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

கழியில் அதோடு பழகிய கீரி செவ்வந்திக்கும் ஆசை வந்தது. ஆனாலும் அது முதலில் நீர்நாய் கயலியிடம் போய்க் கேட்டது. கயலி பிறந்ததிலிருந்து அந்தக் கடலில் மீன் பிடிப்பது.

கயலி முனைக்கு வந்தது. கடலை ஒருமுறை பார்த்தது. பிறகு கடலுக்கு முதுகைக் காட்டி நின்று மரங்களைப் பார்த்தது. தென்னை ஓலைகள் எல்லாம் கடல் பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தன.

"சடையா, அலை இல்லையென்று மயங்காதே. கரையிலிருந்து கடலுக்கு வீசும் கரைக்காற்று அலையை அமுக்கி வைத்திருக்கிறது. போவது சுலபம். திரும்பி வர முடியுமா என்று பார்த்தாயா?"

முனைக்குக் கீழே இருக்கும் இந்தச் சிறு மணலைத் தவிர இரு பக்கமும் கூர்ங்கல்தான், தவறினால் வேறெங்கும் கரையேற முடியாது என்றும் அது சொன்னது. மத்தியானம் காற்று திரும்பும், அதுவரை பொறுக்கலாம் என்றது.

மத்தியானம் மான்கள் இருக்காதே! சடையன் பல்லைக் காட்டிச் சிரித்தது.

"ஒரு மான்கூட எட்டிப் பார்க்காத நேரத்தில் நின்றால் என்ன, விழுந்தால் என்ன? பயந்தவர்கள் கழிக்கே போகலாம்."

கடைசி வார்த்தையைச் செவ்வந்தியைப் பார்த்து, மயில்கள் காதில் விழும்படி சொன்னது. செவ்வந்திக்கு அவமானமாகப் போய்விட்டது. தன் பலகையைத் தண்ணீரில் இறக்கியது.

இரண்டும் கிளம்பின. பலகைகள் பறந்தன. காற்று முதுகில் தள்ளுகிறது என்று சடையன் நினைக்கவில்லை. எல்லாம் தன் கைப்பலம் என்றே நினைத்தது. மேலே மான்கள் தலை தூக்கிப் பார்த்தன. சடையன் மார்பை நிமிர்த்தியது.

திரும்பலாம் என்று செவ்வந்தி சொன்னபோது முனை வெகு தூரத்தில் இருந்தது. இரண்டும் கரைப் பக்கம் திரும்பி மட்டையைப் போட்டன. பத்து முறை தள்ளியும் ஒரு முழம்கூட நகரவில்லை. தள்ளுவதை நிறுத்தினால் பலகை பின்னால் போனது. கரையில் காணாத அலை இங்கே எழுந்து பலகையை அறைந்தது. செவ்வந்தி தன் வளையில் விட்டு வந்த குட்டிகளை நினைத்து அழுதது.

அப்போது தண்ணீரிலிருந்து கயலியின் தலை எழும்பியது. அவர்கள் கிளம்பியதுமே அது பின்னால் நீந்தத் தொடங்கியிருந்தது.

"படுங்கள்! நின்றால் உங்கள் உடம்பே பாய்மரம். குப்புறப் படுத்துக் கையால் தள்ளுங்கள். பாறைக்கு நேர் கீழே காற்று அடங்கியிருக்கும், அங்கே போங்கள்."

செவ்வந்தி உடனே படுத்தது. பாதம் தேயும்வரை தண்ணீரை வாரியது. கயலி பின்னாலிருந்து முட்டித் தள்ளியது.

சடையன் பாறை உச்சியைப் பார்த்தது. மான்கள் இன்னும் அங்கேதான் நின்றன. அவ்வளவு பேர் முன்னால் வயிற்றில் ஊர்வதா? அது நின்றபடியே இருந்தது. எல்லாம் தான் நினைத்தபடியே நடப்பதுபோல மட்டையைத் தூக்கி ஆட்டியது. காற்று பலகையை ஆளோடு அள்ளிக்கொண்டு போனது.

செவ்வந்தியைக் கரை சேர்த்துவிட்டுக் கயலி திரும்பிப் பார்த்தபோது கடலில் சடையன் தென்படவில்லை.

அன்று மத்தியானம் திரும்பிய கடற்காற்று சடையனை நடுக்கடல் மணல்திட்டு ஒன்றில் எறிந்தது. மரமில்லை, நிழலில்லை, குடிக்கச் சொட்டுத் தண்ணீரில்லை. பலகையும் அலையோடு போய்விட்டது. கடற்பறவைகள் வந்து சொன்ன பிறகுதான் அது உயிரோடு இருப்பது காட்டுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை கரைக்காற்றில் கயலியும் செவ்வந்தியும் பலகையோடு திட்டுக்குப் போயின. கடற்காற்று வரும்வரை அங்கேயே காத்திருந்து, சடையனைப் பலகையில் குப்புறப் போட்டுத் தள்ளிக்கொண்டு திரும்பின. சடையன் நன்றிகூடச் சொல்லவில்லை.

முனை நெருங்கியது. காணாமல் போனவனைப் பார்க்க அன்று மத்தியானமும் மான்கள் உச்சியில் கூடியிருந்தன. அப்போதுதான் சடையன் தலையைத் தூக்கியது.

"கயலி, மான்கள் இல்லாத பக்கமாகப் போய் இறங்கலாமே?"

"அந்தப் பக்கம் கல்," என்றது கயலி. தள்ளுவதை நிறுத்தவில்லை.

வேடிக்கை பார்ப்பவர்களுக்காக இடம் பிடிப்பவன், கரை சேரும் வழியைக் கோட்டை விடுவான்.