மடத்துக் கணினிக்கு வந்த சாவி

கேளாமல் வந்ததை ஏற்பது. வாய் திறந்து எதையும் கேளாதிருப்பது. குன்றவயல் மடத்தில் தலைமுறை தலைமுறையாக நின்றுவரும் வழக்கம் இது. அரிசி வந்தால் உலை ஏறும். வராத நாளில் அடுப்புக்குள் பூனை உறங்கும்.

அந்த மடத்தில் ஒரு பழைய கணினி இருந்தது. அதுவும் கேளாமல் வந்ததுதான். மடத்தின் தலைவரான சந்நிதானம் பழம்பதிகங்களுக்கு உரை சொல்லுவார். சிதம்பரேசத் தம்பிரான் அதைத் தட்டச்சு செய்வார். ஒரு நாள் காலை, சொல்லிக்கொண்டே வந்த சந்நிதானம் நடுவில் நிறுத்தினார்.

"திரையின் மூலையில் மங்கலாக ஏதோ எழுதியிருக்கிறதே, அது என்ன?"

"கணினியை இயக்கும் மென்பொருள் உரிமச் சாவி கேட்கிறது, சுவாமி. நம்மிடம் வந்தபோது ஹோம் என்னும் சாதாரணப் பதிப்பு இருந்தது. அச்சுக்கோப்பு மென்பொருளைப் போட்டுத் தந்த அன்பர், ப்ரோ என்னும் மேல் பதிப்புக்கு உயர்த்திவிட்டார்."

"எந்த உரிமையில்?"

"ஊருக்கெல்லாம் பொதுவான ஒரு சாவி உண்டாம். அதை இட்டார். அது பதிப்பின் பெயரை மாற்றும், உரிமை தராது."

"அப்படியானால் நமக்கு உரியதல்லாத ஒன்று மடத்துக்குள் இருக்கிறது."

"வேலை தடையில்லாமல் நடக்கிறதே, சுவாமி."

"அதுதான் கவலை. நேர்செய்யும்" என்றார் சந்நிதானம்.

தம்பிரான் தலையசைத்தார். ஆனால் அவர் மனம் கணினியில் இல்லை. அவர் முன்னாளில் இல்லறத்தில் இருந்தவர். மனைவி இறந்த துயரத்தில், சிறு பெண்ணாயிருந்த மகள் திலகவதியைத் தம் தமக்கை வீட்டில் விட்டுவிட்டுக் காவி ஏற்றவர். அந்த மகள் சில நாட்களுக்கு முன் கைக்குழந்தையோடு மடத்துக்கு வந்திருந்தாள். கணவன் கைவிட்டுப் போய்விட்டான். வளர்த்த அத்தையும் கண் மூடிவிட்டாள். வந்தவள் எதையும் கேட்கவில்லை. பந்தியில் அமர்ந்து உண்டாள், தம்பிரான் கையால் திருநீறு பெற்றாள், போய்விட்டாள்.

 காவியைக் களைந்துவிட்டு மகளுக்குத் துணையாகப் போய்விட வேண்டும் என்று அன்றிலிருந்து தம்பிரானின் நெஞ்சு அடித்துக்கொண்டது. போனால், இங்கே பெற்ற கல்வியும் பேரும் மதிப்பும் என்னாகும் என்று அதே நெஞ்சு கணக்கும் பார்த்தது. இரண்டுக்கும் நடுவே அவர் வெந்துகொண்டிருந்தார். சந்நிதானத்திடம் சொல்லத் துணிவில்லை.

சாவிச் செய்தி எப்படியோ வெளியே கசிந்து, துணிக்கடை முத்தையா செட்டியார் மடத்துக்கு வந்தார்.

"சாவியை நான் வாங்கித் தர்றேன் சாமி. எந்தப் பதிப்புன்னு மட்டும் சொல்லுங்க."

இன்னது வேண்டும் என்று சொன்னால் அது கேட்டதாகிவிடும். தம்பிரான் கைகூப்பி, "தங்கள் விருப்பம்" என்றார்.

செட்டியார் தம் விருப்பப்படியே வாங்கினார். வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் வந்து இறங்கியது சாவி அச்சிட்ட அட்டை. இறைவன் திருமுன் வைத்து எடுத்ததில் எண்களின்மேல் திருநீறு படிந்திருந்தது. தம்பிரான் அதை ஊதி ஊதிப் படித்து உள்ளிட்டார். இந்தச் சாவி இந்தப் பதிப்புக்குரியதன்று என்றது கணினி. மறுபடி இட்டார். மறுபடியும் அதையே சொன்னது.

கடைவீதியில் கணினி பழுதுபார்க்கும் ஜெசிந்தா, பக்கத்துப் பள்ளிக்கு வேலையாக வந்தவள், தானாகவே வந்து எட்டிப் பார்த்தாள்.

"இது ஹோம் சாவி சாமி. உங்க மெஷின்ல இருக்கிறது ப்ரோ. எப்படிப் பொருந்தும்? எதுன்னு சொல்லி வாங்கியிருக்கலாமே?"

"கேட்பது இங்கே வழக்கமில்லை, அம்மா."

"நல்ல வழக்கம் போங்க! எங்க கோயில்ல கேட்டுக் கேட்டு முட்டி தேயுது. நீங்க கேக்காமலே தேஞ்சு போறீங்க. சரி, ப்ரோ சாவியை நானே வாங்கித் தந்துடறேன்."

உள்ளேயிருந்து சந்நிதானத்தின் குரல் வந்தது. "வேண்டாம், அம்மா. தேவையைச் சொன்னபின் வருவது கேளாமல் வந்ததாகாது. வந்த சாவி எதற்குப் பொருந்துமோ, கணினி அதற்கு மாறட்டும்."

ஜெசிந்தா தம்பிரானைப் பார்த்தாள். "மாத்தலாம் சாமி. ஆனா ஒண்ணு. கீழேருந்து மேல ஏறுறப்ப எல்லாம் கூடவே வந்துடும். வச்சது வச்ச இடத்துல இருக்கும். மேலேருந்து கீழ இறங்கணும்னா அப்படி இல்ல. சுத்தமாத் துடைச்சிட்டுத்தான் இறங்கணும்."

தம்பிரான் அருகே வந்தார். "எதுவும் மிஞ்சாதா?"

"ஃபைலை பென்டிரைவ்ல எடுக்கலாம். ஆனா உங்க உரை முழுக்க அந்தப் பழைய அச்சுக்கோப்புல அடிச்சது. அதைப் போட்டுக் குடுத்தவரும் போய்ச் சேந்துட்டாரு, அந்த சி.டி.யும் இல்ல. வேற எதுல திறந்தாலும் கட்டமும் கேள்விக்குறியுமாத்தான் தெரியும். துடைக்கிறதுக்கு முன்னாடி பேப்பர்ல அச்செடுத்து வச்சுக்கங்க, அதான் வழி."

தம்பிரான் உள்ளே போய்ச் சந்நிதானத்தின்முன் நின்றார்.

"அச்செடுத்துக்கொண்டு அழித்துவிடலாமா, சுவாமி?"

"நமக்கு உரியதல்லாத கலத்தில் பால் கறந்தோம். கலத்தைக் கொடுத்துவிட்டுப் பாலை மட்டும் வைத்துக்கொள்வதா?"

"தாங்கள் இத்தனை காலம் சொன்ன உரை!"

"நீர் இத்தனை காலம் அடித்த உரை. உம்மை வருத்துவது எது?"

தம்பிரான் தாழ்ந்த குரலில், "இது இப்படியே இருந்துவிடட்டும், சுவாமி. மூலையில் மங்கலாக நாலு எழுத்து. யார் பார்க்கப்போகிறார்கள்?" என்றார்.

"நீரும் அப்படித்தான் இருந்துவருகிறீரா?"

தம்பிரான் அப்படியே தரையில் அமர்ந்துவிட்டார்.

"திலகவதி வந்து போனதை அறிவேன்" என்றார் சந்நிதானம். "உமக்குக் காவி தந்த நாளில் உம்மைத் திறந்தது துயரம். அது ஊருக்கெல்லாம் பொதுவான சாவி. பெயர் மாறிற்று, உரிமை வரவில்லை."

"அன்றே சொல்லியிருக்கலாமே, சுவாமி!"

"நீர் கேட்கவில்லை."

தம்பிரானின் கண்கள் கலங்கின. "கேட்கக் கூடாதென்றுதானே இந்த மடம் கற்பித்தது?"

சந்நிதானம் எழுந்து கணினி இருந்த அறைக்கு நடந்தார். தம்பிரான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனார்.

ஜெசிந்தா எல்லாவற்றையும் ஆயத்தம் செய்திருந்தாள். அனைத்தும் அழிக்கப்படும், சம்மதமா என்று திரை கேட்டது.

"இதை மட்டும் நான் அமுக்க மாட்டேன்" என்று அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். "பெரியவரோட எழுத்தை அழிச்ச பாவம் எனக்கு வேண்டாம்."

தம்பிரான் அமர்ந்தார். விரல் விசைமேல் போய் நின்றது, கீழே இறங்கவில்லை. உரை சொல்லும்போது சந்நிதானம் சொல் தேடி நின்ற இடங்கள் நினைவுக்கு வந்தன. சில இடங்களில் சொல்லைத் தாமே எடுத்துக் கொடுத்ததும் நினைவுக்கு வந்தது. சந்நிதானம் புன்னகையோடு அதை ஏற்றுக்கொண்ட நாட்கள் அவை.

"அடியேனால் ஆகாது" என்றார்.

சந்நிதானம் குனிந்து, தம்பிரானின் விரலை மெல்ல விலக்கிவிட்டுத் தாமே அழுத்தினார்.

திரை கறுத்தது. சற்று நேரத்தில் ஏதும் எழுதப்படாத புதுத் திரை வந்தது. ஜெசிந்தா அட்டையைப் பார்த்துச் சாவியை உள்ளிட்டாள். இம்முறை மறுப்பு வரவில்லை. மூலையில் எழுத்தும் இல்லை.

"ஏத்துக்கிச்சு சாமி" என்றாள். யாரும் மகிழவில்லை என்று கண்டு, பையை எடுத்துக்கொண்டு ஓசையில்லாமல் வெளியேறினாள்.

தம்பிரான் நிலத்தில் விழுந்து வணங்கினார். 

"அடியேனுக்கு வழி காட்டவே இவ்வளவையும் இழந்தீர்கள். இனி நான் எப்படி மடத்தை விட்டுப் போவேன்?"

"இதை எண்ணிக்கொண்டு நீர் இங்கே இருந்தால், நான் அழித்தது வீண். எண்ணிக்கொண்டே அங்கே போனாலும் வீண்."

"வேறு எப்படிப் போவது?"

சந்நிதானம் அந்த வெறுந்திரையைப் பார்த்தபடி இருந்தார்.

"திருநீறு வாங்கியபோது அந்தப் பெண் உம்மை என்னவென்று அழைத்தாள்?"

"அப்பா என்றல்ல, சாமி என்று அழைத்தாள்."

"அதைக் கேட்டபோது உமக்கு வலித்ததா, இனித்ததா?"

தம்பிரான் காவியின் முனையைக் கையில் பற்றிக்கொண்டார். "இரண்டும், சுவாமி" என்றார்.

"எது முதலில்?"

தம்பிரான் கையிலிருந்த காவியின் முனையைப் பார்த்தார்.